விரலுக்குத் தக்க வீக்கம்: ஒரு டிரேடில் எத்தனை பங்கு எடுப்பது?

மஞ்சக்குப்பத்தில் அலுவலகம் முடிந்து மாலையில் சார்ட் பார்ப்பவர், புதுச்சேரியில் காலை 9.15 மணிக்கு மொபைலும் கையுமாக உட்காருபவர், நெய்வேலியில் ஓய்வுக்காலப் பணத்தை வங்கியில் வைத்துக்கொண்டு யோசிப்பவர். வாசகர்களில் இந்த மூன்று வகையினரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். எந்தப் பங்கு என்று முடிவாகிவிட்டது, எத்தனை பங்கு? ஒருவர் எப்போதும் 50,000 ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் 2% விதி என்கிறார். யூடியூபில் ஒருவர் கெல்லி சூத்திரத்தைப் போட்டுக் காட்டுகிறார். கூடவே உட்கார்ந்திருக்கும் நண்பர், "இறங்குதா? இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணு" என்கிறார்.

நான்கும் நான்கு வேறு கணக்கு. பங்கின் ஆட்டத்தை வைத்து அளக்கும் ஏடிஆர் வழியையும் சேர்த்து மொத்தம் ஐந்து. எல்லாவற்றையும் 2 லட்சம் ரூபாய் மூலதனத்தில் வைத்தே பார்ப்போம். உங்கள் தொகை வேறு என்றால் அந்த விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், வரிசையாக அடி விழுந்தால் கையில் என்ன மிஞ்சும் என்பது. பத்து டிரேடும் தொடர்ந்து தோற்றால்:

| ஒரு டிரேடில் இழப்பது | 2 லட்சத்தில் மிஞ்சுவது | பழைய நிலைக்கு வரத் தேவையான லாபம் |
|---|---|---|
| 1% | சுமார் 1,80,900 | 10.6% |
| 2% | சுமார் 1,63,400 | 22.4% |
| 5% | சுமார் 1,19,700 | 67% |
| 10% | சுமார் 69,700 | 187% |

பத்து தொடர் தோல்வி எங்கே வரப்போகிறது என்று தோன்றும். பத்துக்கு நான்கு முறை ஜெயிக்கும் முறை ஒன்றை வைத்து நூறு டிரேடு போட்டால், நடுவில் எங்காவது ஏழு தோல்வி வரிசையாக வருவது சாதாரணம். அது முறை கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. நாணயத்தைச் சுண்டினாலும் அப்படித்தான் வரும்.

இரண்டாவது, பங்கின் ஆட்டத்தை அந்த வழி கணக்கில் எடுக்கிறதா என்பது. மூன்றாவது, வரியும் கட்டணமும் போக என்ன நிற்கிறது என்பது.

நான்காவது, நீங்கள் திரையைப் பார்க்க முடியாத நாளில் அது தாங்குமா என்பது. நம் கடற்கரைக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியது ஒரு வெள்ளிக்கிழமை, சந்தை நாள். கடலூர் மாவட்டத்தில் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே வந்தபோது சனிக்கிழமையாக இருந்ததால் தப்பித்தோம். "ஸ்டாப் லாஸ் மனசுல இருக்கு" என்பவருக்கு மின்சாரமும் டவரும் இல்லாத நாளில் ஸ்டாப் லாஸே (இந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிடு என்ற வரம்பு) கிடையாது.

கடைசியாக, கணக்கில் வரும் எண்ணிக்கையை உண்மையில் வாங்க முடியுமா? பங்கு என்றால் ஒன்று ஒன்றாக வாங்கலாம். லாட் (ஃபியூச்சர், ஆப்ஷன், கமாடிட்டியில் பிரிக்க முடியாத கட்டு) என்றால் முடியாது.

## வழி 1: ஒவ்வொரு முறையும் ஒரே தொகை

எந்தப் பங்கானாலும் 50,000 ரூபாய்க்கு வாங்குவது. யோசிக்க ஒன்றுமில்லை, கால்குலேட்டர் வேண்டாம். இதன் மோசமான தம்பி ஒன்று உண்டு: எப்போதும் நூறு பங்கு எடுப்பது. 100 ரூபாய்ப் பங்கில் பத்தாயிரமும் 2,500 ரூபாய்ப் பங்கில் இரண்டரை லட்சமும் போய் உட்காரும். அதை இங்கேயே விட்டுவிடலாம்.

ஒரே தொகையில் உள்ள ஓட்டை ஸ்டாப் லாஸில் தெரியும். ஒரு பங்குக்கு 3% கீழே ஸ்டாப் வைத்தால் நஷ்டம் 1,500 ரூபாய். இன்னொன்றுக்கு 8% தள்ளி வைக்க வேண்டியிருந்தால் 4,000. தெரிந்து எடுத்த முடிவு அல்ல இது, தானாக அமைந்துவிடுகிறது. அதிகமாக ஆடும் பங்கு எதுவோ அதுவே உங்கள் மாதக் கணக்கை எழுதும்.

இது பொருந்துகிற இடமும் இருக்கிறது. ஸ்டாப் லாஸ் இல்லாமல் வருடக்கணக்கில் வைத்திருக்கப்போகும் டெலிவரி (டீமேட்டில் வாங்கி வைக்கும் பங்கு), மாதாமாதம் வாங்கும் இன்டெக்ஸ் இடிஎஃப் (நிஃப்டி போன்ற குறியீட்டைப் பின்தொடரும் ஃபண்ட்), மொத்த மூலதனமே 30,000–40,000 ரூபாய் உள்ள புதியவர். இவர்களுக்கு இதற்கு மேல் நுணுக்கம் தேவையில்லை.

## வழி 2: ஒவ்வொரு முறையும் ஒரே சதவீத ரிஸ்க்

இங்கே கணக்கு தலைகீழ். எவ்வளவுக்கு வாங்கலாம் என்று தொடங்காமல், தப்பாகப் போனால் எவ்வளவு போகலாம் என்பதில் தொடங்க வேண்டும்.

1. மூலதனம் 2,00,000. அதில் 1%, அதாவது 2,000 ரூபாய், இந்த டிரேடில் போகலாம்.
2. வாங்கும் விலை 400. சார்ட்டில் அந்த ஐடியா பொய்த்துப்போகும் இடம் 388. இடைவெளி 12 ரூபாய்.
3. 2,000 ÷ 12 = 166 பங்கு. பின்னம் வந்தால் கீழ்ப்பக்கம் வெட்டுங்கள்.
4. 166 × 400 = 66,400 ரூபாய். இது மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

வரிசை முக்கியம். முதலில் ஸ்டாப், பிறகு எண்ணிக்கை. பலரும் 300 பங்கு வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, 2,000-க்குள் அடங்கட்டும் என்று ஸ்டாப்பை 393.50-க்கு இழுத்து வைக்கிறார்கள். பங்கு தன் வழக்கமான ஆட்டத்தில் அங்கே தொட்டு, இவரைத் தள்ளிவிட்டு மேலே போகும். பிறகு "ஆபரேட்டர் என் ஸ்டாப்பைப் பார்த்து அடிக்கிறான்" என்பார்கள். விலையை ஆட்டுவிப்பதாகச் சொல்லப்படும் அந்தப் பெரிய கைக்கு வேறு வேலை இருக்கிறது.

நான்காவது படியை ஏன் விடக் கூடாது என்றால், ஸ்டாப் லாஸ் என்பது உத்தரவாதம் அல்ல. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். நிஃப்டி ஏறக்குறைய 6% விழுந்தது. பல பொதுத்துறைப் பங்குகள் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு விழுந்தன. உங்கள் 400 ரூபாய்ப் பங்கு ஒரு காலையில் 15% கீழே, 340-இல் திறந்தால் 388-இல் வைத்த ஸ்டாப் 340-ஐ ஒட்டித்தான் நிறைவேறும். 166 பங்குக்கு நஷ்டம் 9,960. ஒரு சதவீதம் என்று போட்டது ஐந்து சதவீதம் ஆகிறது. வலிக்கும், ஆனால் ஆள் இருப்பார். இதுவே ஸ்டாப்பை 4 ரூபாயில் நெருக்கி வைத்து 500 பங்கு, அதாவது 2 லட்சமும் முழுதாக ஒரே பங்கில் என்று இருந்தால், அதே காலையில் 30,000 போயிருக்கும். இரண்டு டிரேடுக்கும் காகிதத்தில் ஒரே "1% ரிஸ்க்" தான்.

இன்னொரு மறைவான செலவு, ஒன்றோடொன்று ஒட்டிய பங்குகள். ஐந்து வங்கிப் பங்கில் தலா 1% என்றால் அது ஐந்து டிரேடு அல்ல, ஒரே டிரேடு, 5%. திறந்து வைத்திருக்கும் எல்லா டிரேடுகளின் ரிஸ்க்கையும் கூட்டினால் 4–5%-ஐத் தாண்டாமல், ஒரே துறையில் 2%-ஐத் தாண்டாமல் வையுங்கள். நெய்வேலி வாசகர்களுக்குக் கூடுதலாக ஒன்று: சம்பளமோ ஓய்வூதியமோ தரும் நிறுவனத்தின் பங்கையே சேமிப்பிலும் நிறைய வைத்திருந்தால், இந்த ஒட்டுக் கணக்கை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

மூலதனத்தை ஒவ்வொரு டிரேடுக்குப் பிறகும் திருப்பிக் கணக்கிடத் தேவையில்லை. மாதம் ஒருமுறை போதும். 10% குறைந்தால் மட்டும் மாதம் முடியக் காத்திருக்காமல் உடனே.

1-ஆ 2-ஆ என்றால், நூறு டிரேடாவது எழுதி வைத்த பதிவு கையில் இல்லாதவருக்கு 1%, சிலருக்கு அரையே போதும். ஸ்விங் டிரேடுக்கு (சில நாள், சில வாரம் வைத்திருப்பது), முன்கூட்டியே முடிவு செய்து செயல்படுபவருக்கு, இந்த ஒப்பீட்டில் இதுவே முதல் இடம்.

## வழி 3: ஏடிஆர் வைத்து அளவு

இது இரண்டாம் வழியின் பெரியண்ணன். ஸ்டாப்பை எங்கே வைப்பது என்பதையும் கண்ணுக்கு விடாமல் எண்ணுக்கு விடுகிறது. ஒரு பங்கு ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்பதே ஏடிஆர். வெல்ஸ் வைல்டர் 1978-இல் கொடுத்தது. அன்றைய உயர்வுக்கும் தாழ்வுக்கும் உள்ள தூரம் மட்டுமில்லை, நேற்றைய முடிவு விலையிலிருந்து தாவித் திறந்த இடைவெளியையும் சேர்த்துக்கொள்ளும். எல்லா சார்ட் ஆப்பிலும் 14 நாள் கணக்கில் இருக்கிறது.

இரண்டு பங்கும் 500 ரூபாய். ஒன்றின் ஏடிஆர் 8, மற்றதன் ஏடிஆர் 25. ஸ்டாப் என்பது ஏடிஆரைப் போல இரண்டு மடங்கு.

- முதல் பங்கு: ஸ்டாப் தூரம் 16 ரூபாய். 2,000 ÷ 16 = 125 பங்கு, 62,500 ரூபாய்.
- இரண்டாவது: ஸ்டாப் தூரம் 50 ரூபாய். 2,000 ÷ 50 = 40 பங்கு, 20,000 ரூபாய்.

முதல் வழிக்காரர் இரண்டிலும் 50,000-க்கு நூறு நூறு பங்கு வாங்கியிருப்பார். ஒன்றில் 1,600, மற்றதில் 5,000 என்று போயிருக்கும். 1983-இல் ரிச்சர்ட் டென்னிஸும் வில்லியம் எக்ஹார்ட்டும் அனுபவம் இல்லாதவர்களைத் தேர்ந்தெடுத்துப் பழக்கிய 'டர்ட்டில்' குழுவின் அளவுக் கணக்கும் இதே அடிப்படைதான்: ஒரு நாள் சராசரி ஆட்டம் மூலதனத்தில் 1% அளவுக்கு வரும்படி ஒரு யூனிட்.

குறை என்னவென்றால் ஏடிஆர் பின்னோக்கியே பார்க்கும். காலாண்டு முடிவுக்கு முந்தைய வாரத்தில் பங்கு சத்தமில்லாமல் கிடக்கும், ஏடிஆர் சுருங்கும், கணக்கு "நிறைய வாங்கு" என்று சொல்லும். மறுநாள் காலை பங்கு தாவும். முடிவு வரும் தேதியைப் பார்த்து, அதற்கு முன் பாதியாக்குவதோ வெளியே இருப்பதோ உங்கள் வேலை. ஏடிஆருக்கு நாட்காட்டி தெரியாது.

விதவிதமான பங்குகளை ஒரே கூடையில் வைத்திருப்பவருக்கும், எம்சிஎக்ஸில் கமாடிட்டி செய்பவருக்கும் இதுதான் சரி. தங்கமும் கச்சா எண்ணெயும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. ஆனால் அங்கே லாட் குறுக்கே வரும். தங்கம் 10 கிராமுக்கு 1,000 ரூபாய் நகர்ந்தால், 100 கிராம் கோல்டு மினியில் அது 10,000 ரூபாய். 8 கிராம் கினியில் 800. ஒரு கிராம் பெட்டலில் 100. ஸ்டாப் தூரம் 1,000 என்றால் 2,000 ரூபாய் ரிஸ்க்குக்கு மினியில் இடமே இல்லை. கினியில் 2 லாட், அல்லது பெட்டலில் 20 லாட். மினி ஒரு லாட் எடுத்துவிட்டு "1% விதிதான் ஃபாலோ பண்றேன்" என்பவர் உண்மையில் 5% வைத்திருக்கிறார்.

## வழி 4: கெல்லி

பெல் லேப்ஸில் இருந்த ஜான் கெல்லி 1956-இல் எழுதியது. சூத்திரம் சின்னது: ஜெயிக்கும் விகிதத்தில் இருந்து, தோற்கும் விகிதத்தை ரிவார்டு மடங்கால் வகுத்துக் கழிக்க வேண்டும். 45% ஜெயிக்கிறீர்கள், ரிஸ்க்கைப் போல இரு மடங்கு லாபம் எடுக்கிறீர்கள் என்றால்: 0.45 − (0.55 ÷ 2) = 0.175. ஒரு டிரேடில் மூலதனத்தின் 17.5%-ஐ ரிஸ்க்கில் வை என்கிறது.

கணிதத்தில் தப்பில்லை. நீண்ட காலத்தில் பணம் மிக வேகமாக வளரும் அளவு இதுவே, அந்த 45% உண்மையாக இருந்தால். அந்த "இருந்தால்" தான் ஆளைக் கவிழ்க்கும். ஐம்பது டிரேடின் பதிவிலிருந்து வந்த 45% என்பது உண்மையில் 38 ஆகவும் இருக்கலாம், 52 ஆகவும் இருக்கலாம். 38% என்றால் கெல்லி 17.5 அல்ல, 7. 33% என்றால் பூஜ்யத்துக்குக் கீழே, அதாவது ஆடவே கூடாது. 17.5% வைத்து ஏழு தொடர் தோல்வி வந்தால் 2 லட்சம் 52,000 ஆகும். ஏழு தொடர் தோல்வி வரும் என்று மேலேயே பார்த்தோம்.

எனவே கெல்லியை அளவாக எடுக்காமல் உச்சவரம்பாக எடுங்கள். உங்கள் பதிவைப் போட்டுப் பார்த்து, கால் கெல்லி (அந்த விடையில் நான்கில் ஒரு பங்கு) 1%-க்குக் கீழே வந்தால் உங்கள் 1% கூட அதிகம். எதிர்மறையாக வந்தால் அளவை எப்படி மாற்றினாலும் பணம் கரையும். மாற்ற வேண்டியது முறையை. இந்தச் சோதனைக்காக மட்டுமே இதைக் கற்றுக்கொள்வது லாபம்.

## வழி 5: இறங்க இறங்க வாங்குவது

400-இல் 100 பங்கு. 360-க்கு வந்ததும் 200. 320-க்கு வந்ததும் 400. ஆவரேஜ் 342.86 ஆகிவிடும், கொஞ்சம் ஏறினால் போதும் என்று தோன்றும். போட்ட பணத்தைக் கூட்டுங்கள்: 40,000 + 72,000 + 1,28,000 = 2,40,000. மூன்றாவது படியை முடிக்கவே 2 லட்சம் போதவில்லை. இன்ட்ராடேயில் (வாங்கிய அன்றே விற்பது) நஷ்டமான ஒவ்வொரு டிரேடுக்குப் பிறகும் இரட்டிப்பதும் இதே சங்கதி. 1,000-இல் தொடங்கினால் ஏழு தோல்வியில் 1,27,000 போயிருக்கும். எட்டாவதற்கு 1,28,000 வேண்டும், கையில் 73,000.

இந்த வழியில் பத்துக்கு ஒன்பது முறை ஜெயிப்பீர்கள். ஆபத்தே அதுதான். ஒன்பது முறை வந்த சின்ன லாபம் நம்பிக்கையை வளர்த்து, பத்தாவது முறை எல்லாவற்றையும் வைக்க வைக்கும்.

பிரித்து வாங்குவதே தவறு என்பதில்லை. மூன்று தவணையாக வாங்கப்போகிறேன், மூன்றுக்கும் சேர்த்து ஸ்டாப் 380, அங்கே போனால் மொத்தம் 2,000 போகும் என்று முதல் ஆர்டருக்கு முன்பே எழுதி வைத்தால் அது இரண்டாம் வழியின் ஒரு வகை. விலை இறங்கிய பிறகு யோசித்தால் அது ஆவரேஜ். இன்டெக்ஸ் இடிஎஃபில் வருடக்கணக்கில் சேர்ப்பவர் இறங்கும்போது கூடுதலாக வாங்கலாம். தனிப் பங்கு மீண்டு வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எதற்கும் இல்லை.

## ரிஸ்க் ரிவார்டு: 1:1-ஆ, 1:2-ஆ, 1:3-ஆ?

"1:3-க்குக் குறைந்து டிரேடே எடுக்காதே" என்ற அறிவுரை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. 1:3 என்றால் ஒரு ரூபாய் ரிஸ்க்குக்கு மூன்று ரூபாய் லாப இலக்கு. டார்கெட்டைத் தூரத் தள்ளினால் விகிதம் பெரிதாகும், சரி. கூடவே அங்கே போய்ச் சேரும் வாய்ப்பும் குறையும். எந்தத் திறமையும் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி 1:2 வைத்தால், மூன்றுக்கு ஒரு முறை டார்கெட்டைத் தொடும். 1:3 வைத்தால் நான்குக்கு ஒரு முறை. இரண்டிலும் லாபம் பூஜ்யம். விகிதம் மட்டும் பணம் தராது.

ஒவ்வொரு டிரேடிலும் 2,000 ரூபாய் ரிஸ்க், சராசரி லாபம் 400 ரூபாய் என்று மூன்று முறைகளை எடுத்துக்கொள்ளுங்கள்:

| விகிதம் | ஜெயிக்கும் அளவு | நஷ்டமில்லாமல் நிற்க வேண்டிய அளவு | 100 டிரேடில் எதிர்பார்க்கும் நீண்ட தோல்வி வரிசை |
|---|---|---|---|
| 1:1 | 60% | 50% | 4–5 |
| 1:2 | 40% | 33.3% | 7 |
| 1:3 | 30% | 25% | 9–10 |

சம்பாத்தியம் ஒன்றே, மனசு படும் பாடு வேறு. 1:3-காரர் பத்து டிரேடு வரிசையாகத் தோற்ற பிறகும் பதினோராவதை அதே அளவில் எடுக்க வேண்டும். அதற்கு 2% வைத்தாலே பலருக்குக் கை நடுங்கும். நேர்மையாகப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு 1:1.5-க்கும் 1:2-க்கும் நடுவில்தான் நிற்க முடிகிறது. ட்ரெண்டைப் பிடித்து வாரக்கணக்கில் ஓட விடுபவருக்கு 1:3. ஒரு எல்லைக்குள் மேலும் கீழுமாக ஆடும் சந்தையில் 1:1 கூடக் கேவலம் இல்லை, செலவைக் கணக்கில் சேர்த்தால்.

அந்தச் செலவு இது. மேலே சொன்ன 166 பங்கு, 66,400 ரூபாய் டெலிவரி டிரேடு. எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1%, சேர்ந்து சுமார் 133. வாங்கும்போது ஸ்டாம்ப் டியூட்டி 0.015%, பத்து ரூபாய். ஆர்டருக்கு 20 என்று புரோக்கரேஜ், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், அவற்றுக்கு 18% ஜிஎஸ்டி, விற்கும்போது டீமேட் கட்டணம். மொத்தம் 200 ரூபாயை ஒட்டி வரும், பங்குக்கு சுமார் 1.20. இப்போது 12 ரூபாய் ஸ்டாப் 13.20 ஆகிறது, 24 ரூபாய் டார்கெட் 22.80 ஆகிறது. 1:2 என்று நினைத்தது 1:1.73. நஷ்டமில்லாமல் நிற்க 33.3% போதாது, 36.7% வேண்டும். டேபிளில் இருந்த 400 ரூபாய் சராசரி லாபம் இப்போது 200.

இன்ட்ராடேயில் எஸ்டிடி விற்பனைப் பக்கம் மட்டும், 0.025%. ஆனால் 2 ரூபாய் ஸ்டாப் வைத்து 1,000 பங்கு எடுத்தால் டிரேடின் மதிப்பு 4 லட்சம். கட்டணம் அங்கேயும் 190 ரூபாய் பக்கம் வந்துவிடும். ஸ்டாப்பில் 25 பைசா வழுக்கினால், அதாவது வைத்த விலையைத் தாண்டி நிறைவேறினால், கூடுதலாக 250. இன்ட்ராடே நஷ்டம் வரிக்கணக்கில் ஸ்பெகுலேஷன் நஷ்டம். அதை டெலிவரி லாபத்தில் கழிக்க முடியாது, ஸ்பெகுலேஷன் லாபத்தில் மட்டும், நான்கு வருடத்துக்குள். ரிட்டர்னைக் கெடுவுக்குள் போடாவிட்டால் அதுவும் இல்லை.

## ஃபியூச்சர், ஆப்ஷனுக்கு இந்தக் கணக்கு எப்படி?

2 லட்சத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது. நிஃப்டி லாட் 2024 நவம்பரில் 25-இலிருந்து 75 ஆனது. பிறகு 65 ஆகக் குறைந்தது. 65 லாட்டில் 100 புள்ளி ஸ்டாப் என்றால் 6,500 ரூபாய். அது 1% ஆக இருக்க 6.5 லட்சம் வேண்டும். 2 லட்சத்துக்கு 30 புள்ளிதான் கிடைக்கும், நிஃப்டி அதைச் சில நிமிடங்களில் ஆடிவிடும். ஆப்ஷன் வாங்குபவர் 100 ரூபாய் பிரீமியத்தில் (ஆப்ஷனின் விலை) 70-க்கு ஸ்டாப் வைத்து ஒரு லாட் எடுக்கலாம், கணக்கு இடிக்காது. ஆனால் ஆப்ஷனில் என்எஸ்இ ஸ்டாப் லாஸ் மார்க்கெட் ஆர்டரை 2021-இலேயே நிறுத்திவிட்டது. ட்ரிக்கரும் (ஆர்டரைத் தூண்டும் விலை) லிமிட்டும் (அதற்குக் கீழே விற்காதே என்ற விலை) கொடுக்க வேண்டும். 70 ட்ரிக்கர், 69.50 லிமிட் என்று நெருக்கிக் கொடுத்தால் வேகமான இறக்கத்தில் ஆர்டர் நிறைவேறாமல் அப்படியே நிற்கும், பிரீமியம் 40-க்குப் போயிருக்கும். 65, 66 என்று தள்ளிக் கொடுங்கள். அந்த 5 ரூபாயையும் ரிஸ்க்கில் சேர்த்து எண்ணுங்கள்.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு ஃபியூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டம் கண்டதாக, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. சின்ன மூலதனத்தில் லாட்டைப் பிரிக்க முடியாததும் இதில் ஒரு காரணம் என்பது எங்கள் கருத்து.

## யாருக்கு எது

| யார் | அளவுக்கு | விகிதம் | கவனிக்க |
|---|---|---|---|
| மாலையில் பார்க்கும் ஸ்விங் டிரேடர் | 1% ரிஸ்க் | 1:2 பக்கம் | காலைத் தாவல், ஒரே துறைப் பங்குகள் |
| முழுநேர இன்ட்ராடே | 0.5% ரிஸ்க், நாளுக்கு 1.5% வரம்பு | 1:1.5 | கட்டணம், வழுக்கல், ஐந்து மடங்கு மார்ஜினின் சபலம் |
| பலவகைப் பங்கு, கமாடிட்டி | ஏடிஆர் | 1:2 முதல் 1:3 | முடிவு தேதி, லாட் அளவு |
| ஓய்வுக்காலப் பணம், நீண்ட கால டெலிவரி | ஒரே தொகை | பொருந்தாது | ஒரே நிறுவனத்தில் குவிதல் |
| 200-க்கு மேல் டிரேடு பதிவு உள்ளவர் | 1–2%, கால் கெல்லியைத் தாண்டாமல் | பதிவு சொல்வது | பழைய சந்தைச் சூழலின் பதிவு |

பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலா வியாபாரம் பார்ப்பவர்கள் மூலதனம் என்ற சொல்லிலேயே வழுக்குகிறார்கள். சீசன் முடிந்ததும் கணக்கில் 8 லட்சம் கிடக்கும். 1% என்று 8,000 வைப்பார்கள். அடுத்த கொள்முதலுக்கு 6 லட்சத்தை எடுத்ததும் அதே திறந்த டிரேடு 4% ஆகிவிடும். அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கு எடுக்க வேண்டியிராத பணம் எவ்வளவோ அதுதான் மூலதனம். சீட்டுப் பணம், பள்ளிக் கட்டணம், கொள்முதல் பணம் எதுவும் அதில் வராது.

எந்த வழி எடுத்தாலும் ஸ்டாப்பை ஆர்டராகப் போடுங்கள். சாதாரண ஸ்டாப் லாஸ் ஆர்டர் அன்றைய சந்தை முடிந்ததும் ரத்தாகிவிடும். டெலிவரிப் பங்குக்குத் தினமும் காலையில் போட வேண்டும். ஜிடிடி (விலை தொடும்வரை காத்திருக்கும் ஆர்டர்) போட்டால் புரோக்கரின் சர்வரில் நிற்கும், உங்கள் வீட்டு மின்சாரத்தை நம்பி இருக்காது. ஆனால் டிடிபிஐ (பங்கை விற்கப் புரோக்கருக்கு ஒருமுறை எழுதித் தரும் அனுமதி) கொடுக்காதவர்கள் டீமேட்டில் உள்ள பங்கை விற்க டிபின் (ரகசிய எண்) போட்டு அனுமதி தர வேண்டும். அனுமதி தராத நாளில் ஜிடிடி தூண்டப்பட்டாலும் விற்பனை ஆர்டர் நிராகரிக்கப்படும். ஐப்பசி மழை தொடங்கும் முன் புரோக்கர் ஆப்பில் ப்ரொஃபைல் பக்கத்தைத் திறந்து, டிடிபிஐ செயலில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.